கௌசல்யா கண்டுபிடித்த ஏரி

செய்தி வந்தபோது நான் பீங்கான் கம்பெனியின் கலவைக் கூடத்தில் இருந்தேன். களிமண் அரைக்கும் உருளை ஓடிக்கொண்டிருந்ததால் போன் அடித்தது கேட்கவில்லை. மதியம் சாப்பிட வெளியே வந்து பார்த்தபோது, தெரியாத எண் ஒன்றிலிருந்து திரும்பத் திரும்ப அழைத்திருந்தார்கள். நானே கூப்பிட்டேன்.

“யாருங்க கூப்பிட்டது?” என்றேன்.

“மொதல்ல நீங்க யாருன்னு சொல்லுங்க,” என்றது ஓர் ஆண் குரல். கோபமாக இல்லை, களைத்துப்போயிருந்தது. “அக்கா போன்ல உங்க நம்பருக்குப் பேரு இல்லிங்க. ‘விருத்தாசலம் மண்ணு’ன்னு இருக்குது. இதுமாரியே நெறைய இருக்குது. ‘திருச்சி கல்லு’, ‘சேலம் தண்ணி’... யாருக்கும் பேரே போடல. ஒவ்வொருத்தரா கூப்பிட்டுச் சொல்லிக்கிட்டு இருக்கறேன். நான் கௌசல்யாவோட தம்பிங்க, பெண்ணாடத்துலேர்ந்து. அக்கா காலையில தவறிட்டாங்க.”

“சரிங்க,” என்றேன். அவர் வைத்த பிறகும் கொஞ்ச நேரம் போனைக் காதிலேயே வைத்திருந்தேன். கூடத்துக்குள் உருளை சுற்றிக்கொண்டே இருந்தது. அங்கே யாருக்கும் கௌசல்யாவைத் தெரியாது. கண்கலங்கினால் என்னவென்று கேட்பார்கள், விளக்கிச் சொல்ல வேண்டும். அதனால் உள்ளே போய், களிமண் மாவு சலிக்கிற வேலையைத் தொடர்ந்தேன்.

திருச்சி கல்லும் சேலம் தண்ணியுமாக அவள் போனில் இருக்கும் உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் பலரின் முகம் எனக்குத் தெரியும், பெயர் தெரியாது. மண்ணையும் பாறையையும் நிலத்தடி நீரையும் படித்துவிட்டு, தற்காலிக ஆய்வு வேலைகளுக்கான நேர்காணல்களில் ஒரே வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். ஊர் மாறும், கட்டடம் மாறும், காத்திருக்கும் முகங்கள் மாறாது. அந்த வராந்தாக்களில் சத்தமாகச் சிரிக்கும் ஒரே ஆள் அவள்தான். அவளை மறந்திருக்க மாட்டீர்கள்.

என்னுடைய முதல் நேர்காணலுக்கு அப்பா கூட வந்தார். சூளையில் விடுப்புச் சொல்லிவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, என் சான்றிதழ் பையை மடியில் வைத்தபடி வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலுக்குள் போனது நான்தான் முதலில். எனக்கே அங்கே எப்படி உட்கார்வது என்று தெரியாது, அவருக்கு எப்படித் தெரியும்? பக்கத்தில் இருந்த பெண் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, தன் எலுமிச்சம்பழச் சோற்று டப்பாவை அப்பாவிடம் நீட்டினாள்.

“சாப்பிடுங்கப்பா. உள்ள கூப்பிட சாயங்காலம் ஆயிடும். இவங்க ஏரியே வத்திப்போற நேரத்துக்குத்தான் கூப்பிடுவாங்க.” பிறகு என்னிடம் திரும்பி, “நல்ல காரியம் பண்ண. சர்டிபிகேட்டு தூக்க ஒரு ஆளு இருந்தா நல்லாத்தான் இருக்குது,” என்றாள்.

நான் சிரிக்கத் தெரியாமல், “இல்லக்கா...” என்று இழுத்தேன்.

“அக்கான்னு கூப்பிடாத. இண்டர்வியூவுல எல்லாருக்கும் ஒரே வயசுதான். வேல கெடைச்சாத்தான் வயசு ஏற ஆரம்பிக்கும்.”

என்னைவிட இரண்டு வயது பெரியவள். ஆனாலும் அன்றிலிருந்து வா, போ என்றுதான் பேசினோம். பேசினோம் என்பதைவிட, அவள் பேசினாள், நான் கேட்டேன். “ஊமச்சி” என்று எனக்குப் பெயர் வைத்ததும் அன்றைக்கே.

அவளுடைய விபூதிக் கதை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். களத்தில் ஆய்வுக் கருவி இல்லாதபோது, மண்ணைக் கொஞ்சம் முன்பல்லில் வைத்துக் கடித்துப் பார்ப்பது நம் வழக்கம். நறநறவென்றால் வண்டல், வெண்ணெய்போல் வழுக்கினால் களி. ஒரு நேர்காணலில் இவளிடம், “களத்தில் இரண்டையும் எப்படிப் பிரித்தறிவீர்கள்?” என்று கேட்டிருக்கிறார்கள். மேசைமேல் சிறிய கிண்ணத்தில் வெளிர் சாம்பல் நிறத்தில் ஏதோ பொடி இருந்திருக்கிறது. சோதிக்கத்தான் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து, ஒரு சிட்டிகை எடுத்துப் பல்லில் வைத்துவிட்டாள்.

“நான் கண்ண மூடிக்கிட்டு, ‘கடிக்கல சார். ரொம்ப நைஸு. ஆனா களி இல்ல. சாம்பலு, நல்லா வெந்த சாம்பலு’ன்னு சொல்றேன். தொறந்து பாத்தா மூணு பேரும் வாயப் பொளந்துக்கிட்டு உக்காந்துருக்காங்க. ‘அம்மா, அது வெள்ளிக்கிழம பூஜை விபூதிம்மா’ங்கறாரு ஒருத்தரு.”

“அப்புறம்?” என்று வராந்தாவே கேட்டது.

“அப்புறம் என்ன? மீதிய நெத்தியில வெச்சிக்கிட்டு வந்துட்டேன்.”

அந்த வேலை அவளுக்குக் கிடைத்தது. ஆறு மாதம். நம்மைப்போன்றவர்களுக்கு வேலையே இல்லை என்று யாராவது புலம்பினால் அவளுக்குப் பிடிக்காது. “வேல இல்லன்னு யாரு சொன்னா? இருக்குது. ஆறு மாசத்துக்கு ஒருதடவ இருக்குது,” என்பாள்.

இப்படி வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு வராந்தாக்களில் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் இருவருக்கும் ஒருமுறை ஒரே ஆய்வுத் திட்டத்தில் இடம் கிடைத்தது. அதுவும் எங்கள் பக்கத்திலேயே. மணிமுத்தாறும் வெள்ளாறும் முன்காலத்தில் எந்தப் பக்கமாக ஓடின, அந்தக் கரைகளில் மனிதர்கள் எப்போது குடியிருந்தார்கள் என்று மண் அடுக்குகளை வைத்துக் கண்டுபிடிக்கும் திட்டம். விருத்தாசலத்துக்கும் சேத்தியாத்தோப்புக்கும் இடையில் வயல் வயலாகப் போய், நிலத்தில் திருகி இறக்கும் இரும்புத் தண்டால் மண் எடுப்போம். தேவைப்பட்ட இடத்தில் குழி வெட்டுவோம். பேராசிரியர் வெளியூர், அவ்வப்போது வருவார். மற்ற நாட்களில் நாங்கள் இருவரும், குழி வெட்ட வரும் இரண்டு ஆட்களும்.

என் தெருவில் யாருக்கும் இந்த வேலை புரியவில்லை. “மண்ணுல என்னம்மா படிப்பு? எங்க வூட்டு வாசல்ல எவ்ளோ கெடக்குது, வந்து படியேன்,” என்று பக்கத்து வீட்டு அத்தை அம்மாவிடம் சொல்லிச் சிரிப்பார். அம்மா சாமி பொம்மைகள் செய்யும் பீங்கான் கம்பெனியில் பினிஷிங் வேலை செய்கிறார். அச்சிலிருந்து எடுத்த பொம்மையின் ஓரத்தில் நிற்கும் கோட்டைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைக்கிற வேலை. அவரும் என் வேலையைப் பற்றி ஒன்றும் கேட்டதில்லை. சாயங்காலம் நாங்கள் இருவரும் கை கழுவும்போது இரண்டு நிற மண் ஓடும், அவ்வளவுதான். கௌசல்யாவோடு இருந்த அந்த மாதங்களில்தான், நான் காலையில் எதற்காகக் கிளம்புகிறேன் என்று தெரிந்த இன்னொரு ஆள் எனக்கு இருந்தாள்.

ஏரி கிடைத்தது அந்த வேலையின் கடைசி மாதத்தில்.

ஒரு நெல்வயலின் ஓரத்தில் வெட்டிய குழியில், இடுப்பளவு ஆழத்தில், வெள்ளையாக ஓர் அடுக்கு தெரிந்தது. கோடு போட்டதுபோல் மட்டமாக இருந்தது. கௌசல்யா குழிக்குள் இறங்கி, கிள்ளி எடுத்து, பல்லில் வைத்தாள்.

“கடிக்கவே இல்லடி. சுத்தமான களி. ஓடற தண்ணியில இப்படிப் படியாது. நின்ன தண்ணி.” ஒரு நிமிடம் அந்த அடுக்கையே பார்த்தாள். பிறகு குழிக்குள்ளிருந்தே கத்தினாள். “ஏரிடி! இங்க ஏரி இருந்துருக்குது!”

வெள்ளை அடுக்குக்கு மேலே இருந்த மண்ணில் பழைய கருப்பு சிவப்புப் பானை ஓடுகள் கிடந்தன. கீழே இருப்பது மேலே இருப்பதைவிடப் பழையது என்பதுதான் நம் படிப்பின் முதல் பாடம். அப்படியானால் அந்தப் பானைகளைச் செய்தவர்கள் வருவதற்கு முன்பே அங்கே ஓர் ஏரி இருந்து, வற்றிப்போயிருக்க வேண்டும். பக்கத்தில் துளைத்துப் பார்த்த இடங்களிலும் அதே வெள்ளை வந்தது. பேராசிரியர் வந்து பார்த்தார். அவர் எளிதில் எதையும் ஒப்புக்கொள்கிறவர் அல்ல. “இருக்கலாம்,” என்றார். பிறகு, “இத வெச்சு நீட்டிப்பு கேக்கலாம். உங்க ரெண்டு பேருக்கும் இன்னும் ரெண்டு வருஷம் கெடைக்கும். கௌசல்யா, நீயே எழுது, உன் பேரே முதல்ல வரட்டும்,” என்றார்.

அவள் அன்று பேருந்தில் பேசவே இல்லை. சன்னல் பக்கம் உட்கார்ந்து தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தாள். அவள் பேசாமல் இருந்து நான் பார்த்த முதல் நாள் அது.

மறுநாள் நான் மட்டும் குழியின் சுவரைச் சீவிச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். வெள்ளை அடுக்கிலிருந்து ஒரு கட்டி விழுந்தது. மண்ணில் இயற்கையாக உருவாகும் சுண்ணாம்புக் கட்டிகள் இந்தப் பக்கம் நிறைய வரும், அதில் ஒன்று என்றுதான் எடுத்தேன். என் கட்டை விரல் அதில் ஒரு வழுவழுப்பான குழிக்குள் போய் உட்கார்ந்தது. குழிக்குள் ஒரு மடிப்பு. ஓரத்தில் ஒரு சிறிய பள்ளம், இன்னொரு பாதி வந்து பூட்டிக்கொள்வதற்காக வெட்டியது.

பொம்மைக் கம்பெனிகளுக்குப் பின்னால் உடைந்த அச்சுகள் குவிந்து கிடக்கும் ஊரில் பிறந்தவள் நான். விரலுக்கு முதலில் தெரிந்தது, பிறகுதான் எனக்கு. அது பிளாஸ்டர் அச்சின் துண்டு. அந்த வெள்ளை, ஏரியில் படிந்த களி அல்ல. பீங்கான் கம்பெனியின் கழிவுச் சேறு.

குழிக்குள்ளேயே வெகுநேரம் நின்றேன். சொன்னால் அவளுடைய ஏரி போய்விடும். அவள் வேலை போகும், என் வேலையும் போகும். அதைவிட, அந்த வேலையில் எனக்கென்று இருந்த ஒரே ஆளும் போய்விடுவாளோ என்று பயமாக இருந்தது. சொல்லாமல் விட்டால், நான் தினமும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பொய்யை வரைபடமாகப் போட வேண்டும்.

மதியம் கருவேல மரத்தடியில் சாப்பிட உட்கார்ந்தோம். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

“என்னடி ஊமச்சி? ஏரி கெடைச்ச வூட்ல எழவு விழுந்த மாரி மூஞ்சிய வெச்சிருக்க?”

கட்டியை அவள் பக்கம் தள்ளி வைத்தேன். பையிலிருந்த அமிலப் புட்டியையும் வைத்தேன். சுண்ணாம்பாக இருந்தால் ஒரு சொட்டு பட்டாலே நுரைக்கும். பிளாஸ்டர் நுரைக்காது. அவள் என்னைப் பார்த்தாள், கட்டியைப் பார்த்தாள், ஒரு சொட்டு விட்டாள். ஒன்றும் இல்லை. திருப்பி வைத்து இன்னொரு சொட்டு விட்டாள். கட்டி ஈரமானது, அவ்வளவுதான். எடுத்து விரலால் அந்தக் குழியைத் தடவினாள்.

“உங்க அம்மா கம்பெனியா?”

“அந்தமாரி ஏதோ ஒண்ணு.”

“எந்த சாமி?”

“தெரியல. காதா இருக்கும்னு நெனைக்கறேன்.”

“ஏரிக்குக் காது மொளைச்சிருக்குது,” என்றாள். சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. பிறகு எழுந்து, கை கழுவி, “வா, நெலத்துக்காரரக் கேப்போம்,” என்றாள்.

கேட்கப் போக வேண்டியிருக்கவில்லை. அவரே வரப்பில் வந்துகொண்டிருந்தார். நாலைந்து நாட்களாக எங்களிடம் முகம் கொடுக்காமல் இருந்த பெரியவர். கையில் பிளாஸ்டிக் உறைக்குள் நிலத்தின் பட்டா.

“எம்மா, இது எங்க தாத்தா காலத்துலேர்ந்து பட்டா நெலம். ஏரின்னு எழுதிடாதீங்கம்மா. ஏரின்னு சொல்லித்தான் அந்தப் பக்கம் வூட்டையே இடிச்சுப் போட்டாங்க.”

கௌசல்யாவுக்கு முகம் மாறிப்போனது. “அய்யா, இந்த வெள்ள மண்ணு எப்படி வந்துச்சு இங்க?”

அவர் தயங்கினார். “பள்ளமா கெடந்துதும்மா இந்த எடம். செராமிக் கம்பெனியில கழிவுச் சேத்த சும்மா குடுத்தாங்க. எங்கப்பா டிராக்டர்ல கொண்ணாந்து ஊத்தனாரு. ஒண்ணும் வெளயல. அப்புறம் ஆத்தங்கர மேட்டுலேர்ந்து மண்ணு அடிச்சு மேல போட்டாரு.”

ஆற்றங்கரை மேட்டு மண்ணோடு வந்ததுதான் அந்தப் பானை ஓடுகள். பழைய மண் மேலே, புதிய மண் கீழே. நம் முதல் பாடத்தை ஒரு டிராக்டர் தலைகீழாக்கியிருந்தது.

“நாங்க இத்தன நாளா இங்கியே கெடக்கறோமே, சொல்லியிருக்கலாம்ல?”

“நீதான் ஏரி ஏரின்னு ஊருக்கே கேக்கற மாரி கத்தனியேம்மா. பள்ளத்தத் தூத்தோம்னு நான் சொன்னா, ஏரியத் தூத்தியான்னுல்ல கேப்பாங்க? எப்படி வாயத் தொறப்பேன்?”

“ஏரி இல்லிங்க,” என்றாள் கௌசல்யா. குரல் தணிந்திருந்தது. “இருந்ததே இல்ல. நான்தான் தப்பா சொல்லிட்டேன். நீங்க தைரியமா இருங்க.”

“எழுதிக் குடுப்பியா?”

“எழுதித்தாங்க அனுப்பப் போறேன்.”

அங்கேயே, வரப்பில் நின்றபடி பேராசிரியரைக் கூப்பிட்டாள். நான் பேசட்டுமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. “ஏரின்னு சொன்னது நான், இல்லன்னும் நானேதான் சொல்லணும்,” என்றாள், நான் கேட்டதுபோலவே. பிறகு போனில், “சார், ஏரி போச்சு சார்,” என்றாள். காரணத்தைச் சொன்னாள். கண்டது யார் என்று என் பெயரையும் சொன்னாள். “நல்லவேளை, அச்சுல வர்றதுக்கு முன்னாடி தெரிஞ்சுது,” என்றார் அவர். “உங்க ரெண்டு பேருக்கும்தான் கஷ்டம்.” அவர் மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நீட்டிப்பு வரவில்லை.

கடைசி நாள் விருத்தாசலம் பேருந்து நிலையத்தில் பெண்ணாடம் பஸ்ஸில் அவளை ஏற்றிவிட்டேன். சன்னல் வழியே அவள் சொன்னாள்: “வருஷக் கணக்கா வாயத் தொறக்காதவ. தொறந்ததுதான் தொறந்த, எங்க கொண்டு வந்து தொறந்த பாரு, என் ஏரியில.” சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் என்னைப் பார்க்காமல், பஸ்ஸுக்கு முன்னால் நின்ற கரும்பு லாரியைப் பார்த்துச் சொன்னாள். “போயிட்டு வரேன்” என்றாள். பஸ் நகர்ந்தது.

அவள் என் மேல் கோபமாக இருந்தாளா என்பதுதான் அதற்குப் பிறகு என்னோடு இருந்த கேள்வி. நான் சொன்னது சரி என்பதில் சந்தேகம் இல்லை. சரியானதைச் சொன்னதால் ஒருவரை இழக்க மாட்டோம் என்று எங்கே எழுதியிருக்கிறது? அவள் அழைப்புகள் குறைந்தன. நான் கூப்பிடுகிற ஆள் அல்ல, உங்களுக்குத் தெரியும். நேர்காணல்களுக்குப் போவதையும் விட்டேன். அம்மாவுக்குத் தெரிந்தவர் மூலம் பீங்கான் கம்பெனியில் களிமண் கலவை பார்க்கும் வேலை கிடைத்தது. ஏரியாகத் தெரிந்த அதே வெள்ளைச் சேற்றில் தினமும் கை வைக்கிறேன்.

பிறகு ஒரே ஒருமுறைதான் அவளை நேரில் பார்த்தேன். ஆழ்துளைக் கிணறு போட இடம் பார்த்துச் சொல்லும் நிறுவனம் ஒன்றில் சேர்ந்திருந்தாள். “வேப்பூர் பக்கம் வந்திருக்கறேன், வர்றியாடி?” என்று திடீரென்று கூப்பிட்டாள். நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு மானாவாரி நிலம். வயர் சுருள்களும் கம்பிகளும் கருவியுமாக அவள் ஒரு பக்கம். நிலத்துக்காரர் எதற்கும் இருக்கட்டும் என்று தேங்காய் வைத்து நீரோட்டம் பார்க்கிறவரையும் வரவழைத்திருந்தார். தண்ணீர் உள்ள இடத்தில் அது தானாக எழுந்து நிற்கும் என்று, அவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தார்.

“யம்மா, உங்க மிஷினு என்ன சொல்லுது?” என்றார் அவர்.

“உங்க தேங்கா எந்திரிக்கட்டும்ணே, அப்புறம் சொல்றேன்.”

“எந்திரிச்சிட்டா?”

“எந்திரிச்சா ஒடச்சு ஆளுக்கொரு பத்த குடுத்துடுங்க. காலையிலேர்ந்து சாப்பிடல.”

அவர் உட்கார்ந்து சிரித்துவிட்டார். இருவரும் காட்டிய இடம் வேறு வேறு. நிலத்துக்காரர் எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றார். திரும்பும்போது சாலையோரக் கடையில் டீ குடித்தோம். மெலிந்திருந்தாள், கண் மஞ்சளாகத் தெரிந்தது. கேட்டதற்கு, “வெயிலு. இந்த வேல முடியட்டும், போய்க் காட்டறேன்,” என்றாள். லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. “பூமிக்குள்ள என்ன இருக்குதுன்னு சொல்றவளுக்குப் பூமிக்கு மேல ஒரு நாற்காலி கெடைக்க மாட்டேங்குது பாரு,” என்றாள். என் மேல் கோபமா என்று கேட்க அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது. டீ ஆறும்வரை கேள்வியை வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன். அவள் பஸ் வந்துவிட்டது.

மஞ்சள் காமாலை முற்றிப்போய், பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது காலம் கடந்திருந்தது என்று அவள் தம்பி சொன்னார்.

செய்தி வந்த அன்று சாயங்காலமே பெண்ணாடம் போனேன். கரும்பு டிராக்டர்கள் வரிசையாக நின்ற சாலையில் இறங்கி, விசாரித்துக்கொண்டே போனேன். நம் ஆட்கள் யாரும் அதற்குள் வந்து சேர்ந்திருக்க முடியாது. உறவினர்கள் நடுவே தனியாக நின்றேன். அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். “கூட வேல பாத்த பொண்ணாம்மா நீ? எம்பொண்ணு என்ன வேல பாத்தான்னு வந்தவங்கல்லாம் கேக்கறாங்க. எனக்குச் சொல்லத் தெரியலியே.”

“ஆறு முன்னால எந்தப் பக்கம் ஓடுச்சுன்னு பாக்கற வேலைங்கம்மா,” என்றேன்.

“பாத்தாளா?”

“பாத்தாங்கம்மா.”

அவர் பக்கத்தில் இருந்தவர்களிடம் அதைத் திருப்பிச் சொன்னார். என் வாயிலிருந்து வந்ததைவிட அவர் வாயில் அது பெரிய வேலையாகக் கேட்டது.

போன மாதம் ஒரு நேர்காணலுக்குப் போனேன். ஏன் போனேன் என்று சொல்லத் தெரியவில்லை. வராந்தாவில் உங்களில் சிலர் இருந்தீர்கள். யாரும் சத்தமாகப் பேசவில்லை. என் முறை வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு ஆண்களும் நரைத்த தலையோடு ஓர் அம்மையாரும் இருந்தார்கள்.

“இதுவரை செஞ்ச வேலையில முக்கியமானதுன்னு எதச் சொல்வீங்க?” என்று கேட்டார் ஒருவர்.

எனக்கு எப்போதும் நேர்வதுதான் நேர்ந்தது. பதில் உள்ளே இருந்தது, வாய்வரை வரவில்லை. இந்த இடத்தில் வழக்கமாக அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். அவரும் தாளைப் புரட்டினார். அந்த அம்மையார் என் விண்ணப்பத்தில் இருந்த திட்டத்தின் பெயரை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, “கொஞ்சம் இருங்க சார். அவங்க சொல்லட்டும்,” என்றார். பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டார். மின்விசிறி மட்டும் ஓடியது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

நான் ஏரியைப் பற்றிச் சொன்னேன். கண்டுபிடித்ததையும், அது இல்லை என்று ஆனதையும், கட்டியையும், பட்டாவோடு வந்த பெரியவரையும். இடையில் நின்றேன், அவர்களும் நின்றார்கள். முடித்தபோது அம்மையார் தலையாட்டினார்.

“போன தடவ ஒரு பொண்ணு வந்திருந்தாங்க. இதே கேள்விக்கு இதே ஏரியத்தான் சொன்னாங்க. ‘நான் கண்டுபுடிச்ச ஏரிய என்கூட வேல பாத்த பொண்ணு இல்லன்னு சொன்னா மேடம். அதுதான் நாங்க செஞ்சதுலியே உருப்படியானது’ன்னாங்க. கௌம்பும்போது திரும்பி வந்து இன்னொண்ணும் சொன்னாங்க. ‘விருத்தாசலத்துலேர்ந்து அவ என்னைக்காவது வருவா. கேள்வி கேட்டதும் அடுத்ததுக்குப் போயிடாதீங்க மேடம். கொஞ்சம் நேரம் குடுங்க. பதிலு வரும்’னு.” அவர் சிரித்தார். “அவங்க இப்ப எங்க இருக்காங்க?”

அதற்கும் எனக்கு நேரம் வேண்டியிருந்தது. அவர் கொடுத்தார்.

வேலை கிடைத்ததா என்று இன்னும் தெரியவில்லை. கௌசல்யாவின் புகைப்படம்கூட என்னிடம் இல்லை. களத்தில் நாங்கள் எடுத்ததெல்லாம் மண்ணைத்தான். ஒரு கேள்விக்கும் அதன் பதிலுக்கும் நடுவில், எனக்கென்று அவள் முன்பின் தெரியாதவர்களிடம் கேட்டு வாங்கி வைத்துவிட்டுப் போன கொஞ்சம் நேரம் என்னிடம் இருக்கிறது. இதை அந்த நேரத்தில்தான் எழுதினேன்.